கல்யாணப் பந்தியைக் கனவில் கண்டால்

கனவுக்கு அர்த்தம் சொல்கிறவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டத்தைக் கண்டால் இன்னது, சந்தையைக் கண்டால் இன்னது, கல்யாண வீட்டைக் கண்டால் இன்னது என்று விரல் மடக்கிச் சொல்கிற ஆட்களை என் தையல் கடை வாசலில் நிற்கக்கூட விடுவதில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுத்தோமா, போனோமா என்று இருக்கட்டும். ஆனால் போன ஓணத்தை ஒட்டி அப்படிப்பட்ட நாலு பேரிடம் என் கனவைக் கொண்டுபோய்ச் சொன்னவளும் நான்தான். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அப்பாவைக் காணவில்லை. அதுதான் விஷயம். கனவெல்லாம் அதற்குப் பிறகு.

அப்பா கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினவர். ஓய்வு பெற்றபின் தடிக்காரன்கோணத்தில் என்னோடுதான் இருந்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் குவைத்தில். பிள்ளை இல்லை. வீட்டின் முன் அறைதான் கடை. கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பதுதான் முக்கிய வேலை. அப்பா அந்த அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மறதி பிடித்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது, பிறகு சாப்பிட்டது மறந்தது, பிறகு அம்மா செத்தது மறந்தது. அம்மா எங்கே என்று கேட்பார். செத்துப்போனாள் என்றால் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவரைப்போல அழுவார். அதனால் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லப் பழகிவிட்டேன். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்வது எனக்கு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

எல்லாம் மறந்தவருக்குக் கல்யாணச் சாப்பாடு மட்டும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பந்தியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆலயத்தில் தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பாதிக் கூட்டம் சாப்பாட்டு ஹாலின் கதவில் நெருக்கிக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்தால் பெரிய மனுஷன், சின்ன மனுஷன் கிடையாது, ஒரே ஓட்டம்தான். முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் வெளியே போய்க் காத்திருக்க மாட்டார்கள். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்கள். அவர் ரசத்துக்கு வரும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துவிடுவார்கள். அவர் பாயசத்தில் மட்டிப்பழத்தைப் பிசையும்போது இவர்களுடைய மூச்சு அவர் கழுத்தில் படும். சாப்பிட்டு முடித்தவர் எழும்பவேண்டாம், இவர்களே எழுப்பிவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் அப்பா ராஜா. முதல் ஆளாக உள்ளே போய், விளம்புகிறவர்கள் வாளியோடு வருகிற பக்கத்தில் இரண்டு நாற்காலி பிடிப்பார். ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் தோளில் கிடக்கும் துண்டை விரித்துப் போடுவார். தோர்த்து என்போம் நாங்கள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான், "ஆளு உண்டு."

அந்த ஆள் நான்தான். பத்து வயசிலும் நான்தான், நாற்பத்தைந்து வயசிலும் நான்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் போய்ச் சேரும்வரை தன் இலையில் விளம்பினதை அவர் தொடமாட்டார். பருப்பு ஆறியிருக்கும், பப்படம் நமத்திருக்கும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மானம் போகும். ஏன் அப்பா இப்படிப் பண்ணுகிறீர்கள் என்று கடித்துக்கொள்வேன். அவர் தோர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இனிச் சாப்பிடு என்பார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் ஒரு பெண் வாங்கிப்போக வேண்டிய ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். இன்றைக்குக் கல்யாணம் ஒன்றும் இல்லை என்றேன். சரி என்று போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் எழும்பி வந்து, பந்தி போட்டிருப்பான் என்றார். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது ஊசி என் விரலில் ஏறிவிட்டது. சவம் பிடித்த ஊசி. அந்த எரிச்சலில்தான் சொன்னேன்.

"சரிப்பா, நீங்க முன்னால போங்க. போய் ரெண்டு இடம் பிடிச்சு வையுங்க. நான் பின்னால வாறேன்."

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "சீக்கிரம் வரணும் மக்கா. ரொம்ப நேரம் இடம் பிடிச்சு வைக்க விடமாட்டானுவ, கேட்டியா."

தலையைத் தூக்காமலே சரி என்றேன். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஜங்ஷன்வரை போவார், அங்கே மரச்சீனிக் கிழங்கும் பழக்குலையும் விற்கிற கடைக்காரர் பிடித்து உட்காரவைத்து, ஒரு கட்டன்சாயா வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்புவார். எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறது. அன்றைக்குக் கடைக்காரர் கிழங்கு எடுக்கப் போய்விட்டார், கடை பூட்டிக் கிடந்தது. எனக்கு அது ஒரு மணிக்குத்தான் தெரியவந்தது.

சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போனோம், நானும் அத்தையும். அத்தை என்றால் அப்பாவின் அக்காள். எங்களுக்கு மூன்றாவது வீடு. எண்பது வயசாகப்போகிறது, குரலுக்கு மட்டும் இருபது வயசு. அங்கே புகார் எழுதுகிறவர் என்னிடம் கேட்டார், போகும்போது ஏதாவது சொன்னாரா, எங்கே போகிறேன் என்றாரா என்று. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறதிக்காரனை மகளே வாசலைக் காட்டி அனுப்பிவைத்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லுவாளே என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான் பார்க்காத நேரம் போய்விட்டார் என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அதை மாற்றிச் சொல்ல அதற்குப் பிறகு எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. நான் மாற்றவில்லை.

கொடுத்த போட்டோவும் ஒரு லட்சணம்தான். அப்பாவைத் தனியாக எடுத்த நல்ல போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் இருந்ததை வெட்டிக் கொடுத்தோம். சாயம் பூசின தலைமுடி, முறுக்கின மீசை, கழுத்தில் யாரோ போட்ட மாலை. அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. இருபது வருஷத்துக்கு முந்தின ஆளை எல்லோரும் தேடினார்கள்.

நானும் தேடினேன். வடசேரி பஸ் நிலையம், மார்த்தாண்டம், தக்கலை. பெரியாஸ்பத்திரியில் வார்டு வார்டாக. கீரிப்பாறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, அவர் பால் வெட்டின கூப்பு என்கிற தோட்டப் பகுதிவரை போய்ப் பார்த்தேன். கடியப்பட்டணம் கடற்கரையில் பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ போனில் சொல்ல, தலைமுடிகூட முடியாமல் ஓடினேன். அவர் தன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர். அப்பா என்று நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டார். பிணவறைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். துணியை விலக்குவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நிமிஷம் என் எதிரிக்கும் வேண்டாம். இரண்டு தடவையும் யாரோ.

பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ விடியக்காலம் அந்தக் கனவு வந்தது.

பெரிய மண்டபம். கதவுக்குள் நுழைய முடியாத கூட்டம். எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவே தூரத்தில் அப்பா தெரிகிறார். அவர் முன்னால் இலை. பக்கத்து நாற்காலியில் தோர்த்து விரித்திருக்கிறது. நான் தள்ளுகிறேன், கூப்பிடுகிறேன், ஒருத்தரும் அசையவில்லை. சாம்பார் வாளியோடு ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போகிறார். அப்பா கதவைப் பார்க்கிறார், ஆனால் கூட்டத்தில் என்னைத் தெரியவில்லை. விழித்துவிட்டேன். அதற்குப் பிறகு அதே கனவு நாலைந்து தடவை வந்தது. ஒரு தடவையாவது அந்த நாற்காலிவரை போயிருக்கக் கூடாதா நான்.

முதலில் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் உடனே எதையோ பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். கனவுகளுக்குப் பலன் சொல்கிற வீடியோவாம். கூட்டமான இடத்தைக் கனவில் கண்டால் மனசில் பதற்றம் இருக்கிறதென்று அர்த்தமாம். அப்பனைக் காணாதவளுக்குப் பதற்றம் இருக்கிறதென்று கண்டுபிடிக்க ஒரு வீடியோ வேண்டுமாக்கும் என்று கேட்டு வைத்துவிட்டேன். பாவம், அவரும் அங்கே கிடந்து என்ன செய்வார்.

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தபோது அவரிடமும் சொன்னேன். வெள்ளை உடுப்பு, பெரிய ஜனக்கூட்டம், விருந்து என்றால் அது பரலோக விருந்தாக இருக்கலாம், நீ சமாதானமாக இரு என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. பரலோகத்தில் எதற்கையா சாம்பார் வாளி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

ஜங்ஷன் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குக் கடையைப் பூட்டிப் போனதற்காக என்னைக் காணும்போதெல்லாம் கண் கலங்குவார். அவர் அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம் இல்லாமல் கடை திறக்க மாட்டார். கிழங்கை நிறுத்துக்கொண்டே கனவைக் கேட்டார்.

"இதுல அர்த்தம் என்ன மக்கா கெடக்கு? பெரியவரு எங்கயோ ஒரு பந்தியில சாப்பிட்டுட்டு இருக்காரு. அவ்வளவுதானே."

எனக்கு வந்த கோபத்துக்குக் கிழங்கை வாங்காமலே திரும்பிவிட்டேன். என் கனவு அவருக்கு அவ்வளவு லேசாகப் போயிற்று என்று நினைத்தேன்.

கடைசியில் அத்தை. அவளுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது, அவளே வந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், சகுனம் பார்க்கக் கூடாது என்று ஓய்வுநாள் பாடசாலையில் எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். கனவு என்றால் மட்டும் அதெல்லாம் வாசலுக்கு வெளியே. கனவைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, கல்யாண வீட்டைக் கண்டா அது சாவு வீடாக்கும். அதுலயும் பக்கத்துல நாற்காலி காலியாக் கெடந்துதுன்னா..." பாதியில் நிறுத்தி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "இன்னும் முடியல்ல. வழியில வந்துட்டு இருக்கு. தள்ளிப் போவணும்னா நான் சொல்லுறதைக் கேளு. அவன் வாறது வரைக்கும் நீ ஒரு கல்யாண மண்டபத்துலயும் காலு வைக்கப்பிடாது. நீ போய் பந்தியில உக்காந்தியோ, கண்டது பலிச்சிரும்."

நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்டேன். இருபது நாளாக ஒன்றும் செய்ய வழியில்லாமல் கிடந்தவளுக்கு அப்பாவுக்காகச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது. கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது. அது என் கையில் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமையே ஒரு கல்யாணம் இருந்தது. பெண் தக்கலைப் பக்கம், எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் அழைப்பு. மாப்பிள்ளை திங்கள்நகர் பக்கம், மண்டபமும் அங்கேதான். ரவிக்கை நான் தைத்தது. அந்தப் பெண் பத்திரிகை கொண்டுவந்தபோது அப்பா வீட்டில் இருந்தார், அவர் கையில்தான் கொடுத்தாள். அன்று பூராவும் அதைச் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். கட்டாயம் வருவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஆள் அனுப்பி ரவிக்கையை வாங்கிப்போகச் சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று கடையின் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டு மணிக்கு, இப்போது அங்கே பந்தி தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். கஞ்சி வைத்துக் குடித்தேன். ஆண்டவரே, நான் போகவில்லை, அப்பாவை எனக்குத் தந்துவிடும் என்று முழங்காலில் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். நாத்தனாருக்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்திருந்தாள். நான் வராததில் அவளுக்கு வருத்தம், ஆனாலும் என் நிலைமை தெரிந்து காட்டிக்கொள்ளவில்லை. நான் தைத்தது எப்படி இருந்தது என்று பாருங்கள் அக்கா என்று போனில் கல்யாண வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். பின்கழுத்து நன்றாக உட்கார்ந்திருந்தது. கை மட்டும் ஒரு பொடி இறுக்கம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீடியோ சாப்பாட்டு ஹாலுக்குள் போய்விட்டது.

கேமராக்காரர் வரிசைக்கு வரிசை நடக்கிறார். சாப்பிடுகிறவர்கள் தலைநிமிர்ந்து சிரிக்கிறார்கள். வாளி வருகிற பக்கம், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். சட்டை அழுக்காக இருக்கிறது. முன்னால் இலையில் எல்லாம் விளம்பியிருக்கிறது, தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் தோர்த்து. பின்னால் நிற்கும் ஒருவர் அந்த நாற்காலியை இழுக்கிறார். தாடிக்காரர் கையை விரித்துத் தடுத்து என்னவோ சொல்கிறார். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

பத்திரிகைகளையெல்லாம் நான் ஒரு ஆணியில் குத்தி வைப்பேன். போய்ப் பார்த்தேன். அந்தக் கல்யாணத்தின் பத்திரிகை மட்டும் அதில் இல்லை.

அந்தப் பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திங்கள்நகர் போய்ச் சேர்ந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை. அவள் தோளை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், பிறகு அவள் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் இல்லை. காவல்காரர் மட்டும் இருந்தார். அவரும் வயசானவர்தான். வீடியோவைக் காட்டினேன். பார்த்த உடனேயே, இது நம்ம பெரியவர் அல்லவா என்றார்.

அப்பா அங்கே மூன்று வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறார். சட்டைப்பையிலிருந்த பத்திரிகையைக் காட்டிக் காட்டி, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று காவல்காரர் சொன்னதற்கு, முதல்ல இடம் பிடிக்கணும் என்றாராம். கை கழுவுகிற இடத்தை ஒட்டின வராந்தாவில் படுப்பார். நடுவில் நடந்த கல்யாணங்களில் சமையல்காரர்கள் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால், மக வருவா, அவகிட்ட கேளும் என்பார். பத்திரிகையில் இருந்த நம்பருக்குக் காவல்காரர் ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். கல்யாண வீட்டு அவசரத்தில் எடுத்த யாரோ, சொந்தக்காரர் யாராவது இருக்கும், வந்து பார்த்துக்கொள்ளுகிறோம் என்று வைத்துவிட்டார்களாம். என் கல்யாண ஆல்பத்துப் போட்டோ காவல்காரரின் போனுக்கும் வந்திருந்தது. மீசைக்காரரை அவர் எங்கே இந்தத் தாடிக்காரரோடு சேர்த்துப் பார்ப்பது.

"இப்பொ எங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் மோட்டார் அறைக்குப் போய், மடித்து வைத்திருந்த தோர்த்தை எடுத்துக்கொண்டு வந்தார். துவைத்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மூன்று பந்தி நடந்திருக்கிறது. மூன்றிலும் அப்பா அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. முன்னால் இருந்த இலையை எடுக்கவும் விடவில்லை. மேசையைத் துடைத்து, நாற்காலிகளை அடுக்கும்போது அந்த ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்துவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று காவல்காரர் எடுத்துச் சொன்னாராம். அதற்கு அப்பா சொன்னதை அவர் அப்படியே எனக்குச் சொன்னார்.

"அவ வாறேன்னு சொல்லியிருக்கா. சொன்னா வருவா. கூட்டத்துல வழி தெரியாம நிக்கா போல. நான் போய்க் கூட்டிட்டு வாறேன். அது வரைக்கும் இந்தத் தோர்த்தை எடுக்கப்பிடாது."

பிறகு கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். எப்போதும்போலத் திரும்பி வருவார் என்று காவல்காரர் சாயங்காலம்வரை பார்த்திருக்கிறார். வரவில்லை.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். முதலில் சொன்னது பொய், அவர் கல்யாணத்துக்குப் போனார், நான்தான் அனுப்பினேன், இடம் பிடிக்கச் சொன்னேன் என்று எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு திட்டாவது கிடைத்திருக்கும்.

அத்தையிடமும் சொன்னேன். வாசல் படியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். உன் சொப்பன அர்த்தத்தில் தீயை வைக்க, உன் பேச்சைக் கேட்டுத்தானே போகாமல் இருந்தேன் என்று கத்தினேன். ஊர் கேட்கும்படி அவள் திருப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ அவனை இடம் பிடிக்கச் சொல்லி விட்டதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் இந்த அர்த்தம் சொல்லியிருப்பேனா மக்கா? மண்டபம் மண்டபமாத் தேடுன்னுல்லா சொல்லியிருப்பேன்."

கனவை நாலு பேரிடம் சொன்னேன். அந்த ஒரு வாக்கை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கனவில் ஒரு ரகசியமும் இருந்ததில்லை. இடம் பிடிக்கச் சொன்னாயே, அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று என் தலைக்குள் இருந்த எதுவோ ஒன்று விடியக்காலம் தோறும் என்னிடம் கெஞ்சியிருக்கிறது. நான் அதற்கு அர்த்தம் கேட்டுத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறேன். கிழங்குக் கடைக்காரர் ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னார், அவரிடம் கோபித்துக்கொண்டு வந்தேன்.

புதிய போட்டோ, தாடியோடு, வீடியோவிலிருந்து எடுத்தது, இப்போது எல்லா ஜங்ஷனிலும் ஒட்டியிருக்கிறது. திங்கள்நகரிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ். என்னைக் கூட்டிப்போக அப்பா கிளம்பி ஐந்து மாசம் ஆகிறது. கனவும் நின்றுவிட்டது. எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை காட்டு, எந்த மண்டபம் என்று மட்டும் காட்டு என்று. ஒன்றும் வருவதில்லை. தூக்கம் வந்தால்தானே கனவு.

இப்போது அழைப்பு வந்த கல்யாணம், வராத கல்யாணம் எல்லாவற்றுக்கும் போகிறேன். எங்கள் பக்கம் கல்யாணம் நடக்கிற திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் கடை பூட்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்துக்கொள்வார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை. அத்தையும் கூட வருகிறாள். அவளால் நெருக்கத்தில் நிற்க முடியாது, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொரு வயசான ஆளின் முகத்தையும் பார்ப்பாள்.

நான் கதவு திறந்ததும் ஓடுகிறேன். அப்பாவைப்போல அவ்வளவு வேகம் எனக்கு வராது. ஆனாலும் வாளி வருகிற பக்கம் இரண்டு நாற்காலி பிடித்துவிடுகிறேன். ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் தோர்த்தை விரிக்கிறேன். போன வியாழக்கிழமை கைக்குழந்தையோடு ஒரு பெண் என் பின்னால் வந்து நின்றாள். பருப்பு வந்தது, சாம்பார் வந்தது, புளிசேரி வந்தது. எல்லோரும் ரசத்துக்குக் குழி போட்டபோது அவள் பொறுமையிழந்து, ஆள் வரமாட்டார்கள் போலிருக்கிறதே, துண்டை எடுங்கள் என்று நாற்காலியைப் பிடித்தாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. என் இலையில் விளம்பினது எல்லாம் அப்படியே கிடந்தது. நான் கதவைப் பார்த்தேன். பிறகு நாற்காலியில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஆளு உண்டு."